நோட்ஸ் ஆப்பில் இருக்கும் பிரசங்கக் குறிப்பு யாருடையது?

ஆராதனை முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "பாஸ்டர், கெட்ட குமாரன் கதையில அந்தத் தகப்பன் ஓடினதைப் பற்றிச் சொன்னீங்களே, அதை அப்படியே யூடியூபில் இன்னொருத்தர் சொல்லிக் கேட்டிருக்கேனே?" எனக்கு முகம் செத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தால், அந்தக் கதை வரும் லூக்கா 15 குறிப்பில் நான் யோசித்து எழுதிய நாலு வரியும் எங்கிருந்தோ காப்பி எடுத்து ஒட்டிய ஒரு பத்தியும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் கிடக்கின்றன. எப்போது ஒட்டினேன் என்றே ஞாபகம் இல்லை. திருட நினைத்து யாரும் ஒட்டுவதில்லை. ஆறு மாதம் போனால் நம் நோட்டில் இருப்பதெல்லாம் நம்முடையதாகவே தெரிகிறது.

கையால் எழுதும்போது கை வலிக்கும், அதனாலேயே சுருக்கி நம் வார்த்தையில் எழுதிவிடுவோம். ஆப்பில் அந்த வலி இல்லை.

இப்போது எதை ஒட்டினாலும் மேலே ஒரு வரி: யார் சொன்னது, எந்தப் பக்கம், வீடியோ என்றால் எத்தனையாவது நிமிடம். கீழே "என் சொல்" என்று ஒரு தலைப்பு. அது காலியாக இருந்தால் அந்தக் குறிப்பு பிரசங்கத்துக்கு வராது.

தேடுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "பாவம்" என்று தேடினால் "பாவத்தை", "பாவங்கள்" சிக்காது, "பாவ" என்று நிறுத்தித் தேடுங்கள்; மன்னிப்புக்கு "மன்னி" போதும். சில ஆப்களில் கடைசியில் நட்சத்திரக்குறி போட்டால்தான் அரைச் சொல் கிடைக்கும். வேத புத்தகங்களின் பெயரை ஒரு இடத்தில் "லூக்." என்றும் இன்னொரு இடத்தில் "லூக்கா" என்றும் எழுதிவைத்தால் பாதிக் குறிப்பு தொலைந்த மாதிரிதான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பிரசங்கங்களை, இப்போது எல்லா ஆப்பும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், அதில் எதைத் தேடுவது?

எந்த ஆப் நல்லது என்று கேட்கிறார்கள். எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புதான் என்று சுருக்கியது. அதையே நம்பி இருந்தவர்கள் திண்டாடினார்கள். அப்சிடியன் குறிப்புகளைச் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளாக நம் கணினியிலேயே வைக்கிறது, அதனால் எனக்குப் பிடிக்கும். எதுவானாலும் சரி, வெளியே எடுத்து வைக்க வழி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

அப்புறம் முக்கியமாக ஒன்று. ஆலோசனைக்கு வந்தவர் அழுதுகொண்டே சொன்னதைப் "பிரசங்க உதாரணம்" என்று குறித்து வைக்காதீர்கள், பெயரை மாற்றினாலும் வேண்டாம். அதே நோட்புக்கை ஸ்லைடு போடும் பையனுக்கும் பகிர்ந்திருப்போம், அது நமக்கே மறந்திருக்கும்.

பீடத்துக்கு நான் இன்னும் ஒரு தாளோடுதான் போகிறேன். பழைய குறிப்புகள் 300-க்கு மேல் பாக்கி. திங்கட்கிழமைதோறும் பத்துப் பத்தாகப் பார்க்கிறேன், யாருடையது என்று தெரியாதவற்றை அழித்துவிடுகிறேன். அந்தப் பெரியவர் சொன்ன பத்திதான் முதலில் போனது.