ஆடும் கியர் லிவரை அப்படியே விடாதீர்கள்

"பழைய வண்டின்னா கியர் லிவர் ஆடத்தானே செய்யும்!" பட்டறைக்கு டிராக்டர் கொண்டு வருகிறவர்கள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆயில் மாற்ற, கிளட்ச் பார்க்க என்று வருவார்கள். லிவர் ஆடுவதை ஒரு குறையாகவே சொல்ல மாட்டார்கள். எனக்கோ அதைப் பார்த்தால்தான் பயம்.

லிவர் தளர்ந்துவிட்டால், வண்டி நியூட்ரலில் இருக்கிறதா, கியரில் இருக்கிறதா என்று கைக்குத் தெரியாது. மேலே லிவர் நடுவில் நிற்கும், உள்ளே கியர் விழுந்திருக்கும். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பாதுகாப்பு சுவிட்ச் பழைய வண்டிகள் பலவற்றில் கிடையாது; இருந்தாலும் ஒயரை நேராக இணைத்து வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியைக் கீழே நின்றுகொண்டு ஸ்டார்ட் செய்தால், பின்சக்கரம் ஆள்மேல் ஏறிவிடும். தயவுசெய்து சீட்டில் உட்கார்ந்தே ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒரு வண்டியில் லிவர் ஆடாமலிருக்க டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். பிரித்தால், கீழே தூசி மறைக்கும் ரப்பர் பூட் கிழிந்து தொங்கியது. லிவரின் உருண்டை உட்காரும் குழியில் மண்ணும் கிரீஸும் சேர்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் உலோகத்தைத் தின்றிருந்தது. லிவர் சுழலாமல் பிடிக்கும் ஆணி பாதியாகத் தேய்ந்திருந்தது. ஸ்பிரிங் உடைந்து இரண்டாகக் கிடந்தது. மழைத்தண்ணீர் இறங்கி கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தது. அந்த ரப்பர் பூட்டைக் கிழிந்த அன்றே மாற்றியிருந்தால் இதில் பலவும் நடந்திருக்காது.

லிவரின் கீழ்நுனியையும் பாருங்கள். அது மழுங்கினால், உள்ளே கியரை நகர்த்தும் கவை போன்ற ஃபோர்க் ஒன்றின் பள்ளத்திலிருந்து நழுவி அடுத்ததையும் இழுக்கும். இரண்டு கியர் ஒன்றாக விழுந்து வண்டி பூட்டிக்கொள்ளும். அப்போது லிவரைச் சுத்தியலால் தட்டாதீர்கள். கியர்பாக்ஸின் மேல்மூடியான டாப் கவரைத் திறந்துதான் ஃபோர்க்குகளை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும்.

லிவர் ஆடுவது வேறு, ஓட்டும்போது கியர் தானாக வெளியே வருவது வேறு. கியர் வெளியே வந்தால் உள்ளே ஃபோர்க்கை நிறுத்தும் குண்டு, ஸ்பிரிங், ஃபோர்க், கியர் பல் இவற்றில் தேய்மானம் இருக்கும். புது லிவர் போட்டுப் பயனில்லை. பாரம் ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் கியர் வெளியே வந்தால் என்ஜின் பிடிமானம் போய்விடும். அந்த வண்டியைச் சரிசெய்யும்வரை பாரம் இழுக்க விடாதீர்கள்.

பிரிக்கும்போது சமதரையில் நிறுத்தி, கலப்பையைக் கீழே இறக்கி, சாவியை எடுத்து, சக்கரத்துக்கு அண்டை கொடுங்கள். முடிந்தால் லிவரை நியூட்ரலில் விட்டுக் கழற்றுங்கள்; அப்போதுதான் திரும்ப மாட்டும்போது நுனி பள்ளத்தில் சேரும். கழற்றுமுன் கவரைச் சுற்றியுள்ள மண்ணைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்; திறந்த வாயைத் துணியால் மூடுங்கள். உள்ளே ஒரு வாஷர் விழுந்தாலும் கியர் பல் உடையலாம்.

மாட்டியதும் என்ஜின் அணைந்திருக்கும்போதே, கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பல் நேராக நிற்காவிட்டால் கியர் விழாது. வண்டியைச் சற்றுத் தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள். பிறகு சீட்டில் உட்கார்ந்து நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, கிளட்சை மெதுவாக விடுங்கள். வண்டி ஒரு விரற்கடைகூட நகரக் கூடாது. நகர்ந்தால், அன்றே மறுபடி பிரித்துப் பாருங்கள்.