டிக் டிக் சத்தமெல்லாம் டேப்பெட் அல்ல: உப்புக்காற்றில் ஓடும் பழைய வண்டிக்காரர்களுக்கு

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய ஆம்னியோ, மாருதி 800-ஓ, பொலிரோவோ, என்ஜினில் டிக் டிக் என்று கேட்டுவிட்டால் பக்கத்தில் நிற்பவர் முதலில் சொல்வது "டேப்பெட் சத்தம்", அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே இடைவெளி கூடியதால் வரும் சத்தம். உடனே கவரைத் திறந்து டேப்பெட்டை இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். பல வண்டிகளில் சத்தம் அப்படியே இருக்கும். சிலவற்றில் சத்தம் அடங்கிவிடும். ஆனால் கொஞ்ச நாளில் எக்ஸாஸ்ட் வால்வு கருகி, வண்டி இழுவை இல்லாமல் நிற்கும். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலை ஒட்டி ஓடும் வண்டிகளிலும், பாம்பன் தாண்டித் தீவுக்குள் இருக்கும் வண்டிகளிலும் இதே சத்தத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, துருவேறி இற்றுப்போன எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட், அதாவது புகையை வெளியே எடுக்கும் குழாய்க் கூட்டை என்ஜினோடு பிடித்து வைக்கும் மரைக்கம்பி. மற்றது, பெட்ரோல் வண்டியில் கரண்ட் கசியும் பிளக் வயர். டேப்பெட் கவரில் ஸ்பேனர் வைக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆயில். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். 800 சிசி என்ஜினில் மொத்தமே ஏறக்குறைய 3 லிட்டர் ஆயில்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலே மேலே ராக்கருக்கும் அதை இயக்கும் கேம் ஷாஃப்டுக்கும் ஆயில் ஏறுவது தடுமாறும். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுச் சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தாலோ, டிக் டிக் மாறி அடியிலிருந்து கனமாக டக் டக் என்று வந்தாலோ வண்டியை அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும். அது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம். பாம்பன் பாலத்தைத் தாண்டி மண்டபம் வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தால், பேரிங் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை கிராங்க் வரை போய்விடும். கட்டி இழுத்து வருவதே மலிவு.

டிக் சத்தத்தையும் பேரிங் சத்தத்தையும் காதால் பிரிக்க ஒரு கணக்கு இருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வால்வு ஒரு தடவைதான் திறக்கும். ஐட்லிங்கில் என்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்று ஓடினால் ஒரு வால்வின் சத்தம் 400 தடவை வரும். ராடு பேரிங் சாதாரணமாக ஒவ்வொரு சுற்றுக்கும் அடிக்கும், அதாவது இரண்டு மடங்கு வேகம். தையல் மெஷின் ஓடுவதுபோல் மெல்லிசாக மேலிருந்து வந்தால் வால்வுப் பக்கம். கனமாக, கீழிருந்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது கூடினால் பேரிங் பக்கம். ஆனால் எக்ஸாஸ்ட் கசிவும் பிளக் வயர் கசிவும் வால்வின் தாளத்திலேயே அடிக்கும். ஆள் ஏமாறுவது இங்கேதான்.

பெரும்பாலான சின்ன வண்டிகளில் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, அது பொருந்தும் என்ஜினின் மேல்பாகமான ஹெட் அலுமினியம். சூடானால் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அந்த இழுபறியைத் தாங்குவது ஸ்டட். அதிலும் இரண்டு ஓரத்து ஸ்டட்டுகள்தான் அதிகம் வாங்கும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், சூடேறி ஆறும் ஒவ்வொரு தடவையும் துரு இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமும், வாடைக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணை) பக்கமும் நிறுத்தி வைக்கும் வண்டிகளுக்கு இது இரட்டிப்பு. ஐஸ் பெட்டி மீன் ஏற்றிய வண்டி என்றால் ஒழுகும் உப்புத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரத்து ஸ்டட் ஒன்று இற்று உடைந்தால் பேக்கிங் அந்த இடத்தில் ஊதிவிடும்; அந்த சிலிண்டர் புகை தள்ளும்போதெல்லாம் ஒரு டிக்.

அடையாளம் எளிது. காலையில் முதல் செல்ஃபில் சத்தம் அதிகம். சூடாகி இரும்பு விரிந்ததும் குறையும், சிலதில் நின்றே போகும். ஏற்றத்திலோ ஆள் நிறைய ஏறியிருக்கும்போதோ மறுபடி கூடும். ஆறிய என்ஜினில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் கரிக்கோடு தெரியும். உறுதி செய்ய, வெட்டவெளியில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து உடனே சோப்புத் தண்ணீரை அந்த இணைப்பில் தெளியுங்கள். கசியும் இடத்தில் குமிழ் விடும். இன்னொரு வழி, உதவிக்கு ஒருவர் கனமான ஈரத்துணியால் சைலன்ஸர் வாயை இரண்டு மூன்று வினாடி அழுத்துவது. கசிவு இருந்தால் சத்தம் புஸ் என்று பெரிதாகும். மேனிஃபோல்டு சூடேறிய பிறகு இதில் எதையும் செய்யாதீர்கள்.

இதைச் சத்தப் பிரச்சினையாக மட்டும் நினைக்க வேண்டாம். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அரிச்சல்முனைக்குப் போய் வெயிலுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பிள்ளைகளைப் பின்னால் தூங்க வைத்து நிறுத்தியிருக்கும் வண்டிகளை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். மேனிஃபோல்டு கசியும் வண்டியில் அப்படி ஒருபோதும் இருக்கக் கூடாது. வண்டிக்குள் உட்கார்ந்தால் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து, வெளியே இறங்கிக் காற்று வாங்கினால் சரியாகிறது என்றால் வண்டியை எடுக்காதீர்கள். பின்கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் காற்றோட்டம் கிடைக்கும் என்பதும் தவறு. ஓடும் வண்டியின் பின்னால் சுழலும் காற்று சைலன்ஸர் புகையையே உள்ளே இழுத்துவரும்.

துருவேறிய ஸ்டட்டை அவசரமாகத் திருகினால் ஹெட்டோடு ஒட்டி உடையும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊற விடுங்கள். மறுநாள் கழற்றும் திசையில் திருப்பும் முன் இறுக்கும் திசையில் ஒரு சிறு அசைவு கொடுங்கள். உடைந்துவிட்டால், மிச்சத்தில் நட் வைத்து வெல்டிங் போட்டு எடுப்பது துளை போடுவதைவிட நல்லது. மேனிஃபோல்டைக் கழற்றியதும் அதன் முகத்தில் நேரான ஸ்கேல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். 0.10 மி.மீ. தகடு நுழைந்தால் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் அடிக்க வேண்டும். கோணிய முகத்தில் புதுப் பேக்கிங் போட்டால் அது ரொம்ப நாள் தாங்காது. ஸ்டட் முழுவதையும் மாற்றுங்கள், உடைந்த ஒன்றை மட்டும் அல்ல. நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு மறுபடி டார்க், அதாவது நட்டின் இறுக்க அளவைப் பாருங்கள். பல பட்டறைகளில் விட்டுப்போவது இந்தக் கடைசி வேலை.

பிளக் வயர் கசிவைப் பிடிக்க இருட்டு போதும். ராத்திரி வெளிச்சம் இல்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். வயரிலிருந்தோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்தோ நீலப்பொறி இரும்புக்குத் தாவினால் அதுதான் உங்கள் டிக். உப்புப் படிந்த வயரில் ஈரம் சேர்ந்தால் கரண்டுக்குப் பாதை கிடைத்துவிடும். அதனால் இந்தச் சத்தம் விடியற்காலையிலும் மழைநாளிலும் அதிகம். ஓடும் என்ஜினில் வயரைக் கையால் தொடாதீர்கள். லூசான பிளக்கும் இதே மாதிரி டிக் அடிக்கும். வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் கையால் உட்கார வைத்து அதற்கு மேல் அரைச்சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. ஹெட் ஆறியிருக்க வேண்டும்.

கார்பரேட்டர் மாருதியில் கேம் ஷாஃப்ட் தள்ளி ஓட்டும் பெட்ரோல் பம்பின் லிவரும் லேசாக டிக் அடிக்கும். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பம்பில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் தெரிந்துவிடும். ஃபேன் பெல்டிலிருந்து தலையும் சட்டையும் தள்ளியே இருக்கட்டும். வண்டி ஓடும்போது மட்டும் கேட்டால் டயரில் சிக்கிய கல்லையும் ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவும் இல்லை என்றால்தான் டேப்பெட். ராத்திரி முழுக்க ஆறிய என்ஜினில் அளக்க வேண்டும். சின்னப் பெட்ரோல் என்ஜின்களில் இடைவெளி பெரும்பாலும் 0.15 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்கும். உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும் அளவையே வையுங்கள். இன்டேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் அது வேறுபடலாம். நாலு சிலிண்டரில் 4-ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி மற்றது திறக்கும் நிலையில் இருந்தால் 1-ஐ அளக்கலாம். அதேபோல 2-க்கு 3. ஆம்னி, 800 போன்ற மூன்று சிலிண்டரில் இந்த ஜோடிக் கணக்கு செல்லாது. ஒவ்வொன்றையும் அதன் கம்ப்ரஷன் டாப்பில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டுவந்து, 1-3-2 வரிசையில், கிராங்கை 240 டிகிரி திருப்புவதற்கு ஒன்றாக வைக்க வேண்டும். தகடு லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் விடாதீர்கள். ராக்கரின் முனையில் குழி விழுந்திருந்தால் தகடு குழிக்கு மேல் பாலம்போலப் படுத்து, இல்லாத அளவைக் காட்டும். அந்த ராக்கரை மாற்றத்தான் வேண்டும்.

சத்தமே கேட்காத அளவுக்கு இறுக்கச் சொல்லாதீர்கள். வால்வு தன் சூட்டை இறக்குவது சீட்டில் உட்காரும் நேரத்தில். இடைவெளி இல்லாவிட்டால் அது முழுக்க உட்காராது, சூடு இறங்காது, விளிம்பு கருகும். கேஸ் கிட் போட்ட வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து இடைவெளி தானாகவே குறையும். வழக்கமான டிக் தானாக நின்றுபோனால் அங்கே கவலைப்பட வேண்டும்.

1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்டில் இருப்பது ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர். இறுக்க அதில் ஒன்றும் இல்லை. செல்ஃப் அடித்ததும் சில வினாடி டிக் வந்து நிற்பது பயப்பட வேண்டியதல்ல. தினமும் அப்படி வந்தால், ஆயிலைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இல்லாத மலிவு ஃபில்டரா என்று பாருங்கள். கனமான ஆயில் ஊற்றினால் அமுங்கும் என்ற யோசனை இதில் நேர் எதிராக வேலை செய்யும். லிஃப்டர் நிறைவது இன்னும் தாமதமாகும். பழைய பம்பு டீசலில் சிலிண்டர் ஒவ்வொன்றாக நிறுத்திச் சத்தத்தைத் தேட இன்ஜெக்டர் பைப் நட்டை லேசாகத் தளர்த்துவார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். அப்படிப் பட்டால் காயம் ஊசிக்குத்து அளவே தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தனுஷ்கோடி போய்வந்தாலோ, வாலிநோக்கம் உப்பளப் பக்கம் ஓட்டினாலோ, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கழுவுவது, இருக்கும் உப்போடு இன்னும் உப்பைச் சேர்ப்பதுதான். பிளக் வயர்களை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், வயர்மூடிகளின் உட்புறத்தையும் சேர்த்து.