அரைமுதன்மை எண்: எதில் பாதி?

கொழும்பில் தமிழ்மூலம் படிக்கும் பிள்ளைக்கு 7, 11, 13 எல்லாம் 'முதன்மை எண்கள்'. வெள்ளவத்தையில் வாங்கிய சென்னைப் பதிப்பொன்றைப் புரட்டினால் அவையே 'பகா எண்கள்'. இரண்டும் நல்ல சொற்கள். 'முதல்' என்று பொருள்படும் லத்தீன் 'பிரைமஸ்' வழியே 'பிரைம்' வந்தது. 'முதன்மை' அதன் நேர்ப்பெயர். 'பகா' என்பதோ எண்ணின் குணத்தையே சொல்லிவிடுகிறது.

சிக்கல் 'செமிபிரைம்' என்ற சொல்லில்தான். லத்தீனில் 'செமி' என்றால் அரை. அதை அப்படியே 'அரைமுதன்மை' என்று எழுதினால், எதைப் பாதியாக்குவது என்று பிள்ளை தேடும். இங்கே எதுவும் பாதியாவதில்லை. சரியாக இரண்டு முதன்மை எண்களைப் பெருக்கி வருவதே செமிபிரைம்: 4, 6, 9, 10, 14, 15, 21... 'இருமுதன்மைப் பெருக்கம்' என்றால் பொருள் உடனே விளங்கும். 'இரட்டை முதன்மை' என்று மட்டும் சுருக்க வேண்டாம். அது 11, 13 போல 2 வித்தியாசத்தில் நிற்கும் சோடிகளின் பெயர்.

ஒரே காரணி திரும்ப வந்தாலும் எண்ண வேண்டும். 9 = 3 × 3, சேரும். 12 = 2 × 2 × 3, மூன்று காரணி, சேராது.

இனிக் கூட்டல். 100ஐ ஒரு முதன்மை எண்ணும் ஓர் இருமுதன்மைப் பெருக்கமுமாகப் பிரிக்க, சிறிய முதன்மை எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். 100 − 2 = 98; அது 2 × 7 × 7, ஆகாது. 2ஆல் வகுத்து 49 வந்ததும் அதை முதன்மை என்று நம்பி நிறுத்துவதால்தான் இங்கே பிழைக்கிறது. 100 − 3 = 97, தனி முதன்மை. 100 − 5 = 95 = 5 × 19. கிடைத்துவிட்டது. 51, 57, 87, 91 ஆகியவையும் முதன்மை போலத் தோன்றி ஏமாற்றும். நான்கும் இருமுதன்மைப் பெருக்கங்களே.

11 முதல் 20 வரை எல்லா எண்களும் இப்படிப் பிரியும். 10 பிரியாது: 4, 6, 9 ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 6, 4, 1. 1 முதன்மை எண் அல்ல.

4 முதலான ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரண்டு முதன்மை எண்களின் கூட்டுத்தொகை என்ற கோல்ட்பாக் ஊகம் 1742இலிருந்து நிறுவப்படாமல் நிற்கிறது. அதற்கு மிக அருகில் போனவர் சீனக் கணிதவியலாளர் சென் ஜிங்ருன். 1973இல் அவர் வெளியிட்ட முழு நிறுவலின்படி, போதிய அளவு பெரிய இரட்டை எண் ஒவ்வொன்றும் ஒரு முதன்மை எண்ணும், ஆகக்கூடியது இரண்டு முதன்மைக் காரணிகள் கொண்ட இன்னோர் எண்ணும் சேர்ந்தது. 'ஆகக்கூடியது' என்பதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு தேற்றமாகிவிடும். அந்தச் சொல் இருந்தால் 3 + 7 = 10 என்பதும் கணக்கில் சேரும்.