விடிகாலைக் கோலமும் ஊறிய கடலையும்

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி போனில் கேட்டார்: "பகலெல்லாம் குடம் தூக்குறேன், அரிசி மூட்டையைக்கூட நகத்துறேன், ஒண்ணும் ஆகல சார். மார்கழியில நாலரைக்கு எந்திரிச்சு, வாசல் தெளிச்சு, புள்ளி வைக்கக் குனிஞ்சா இடுப்பு அப்படியே பிடிச்சுக்குது. ராத்திரி பூரா படுத்துக் கெடந்த முதுகுதானே? அதுக்கு என்ன கேடு?"

கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது. ராத்திரி பூரா படுத்துக் கிடந்ததுதான் கேடு.

முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி டிஸ்க் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மொத்தம் 23. முதுகெலும்பின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு இவைதான். நம் ஊரில் இதை ஜவ்வு என்கிறோம். "ஜவ்வு விலகிடுச்சு" என்பதும் சர்வ சாதாரணம். உண்மையில் அது சோப்புத் துண்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போக முடியாது. மேலும் கீழும் எலும்போடு நன்றாக ஒட்டி வளர்ந்த பொருள் அது. புடைக்கலாம், கிழிந்து உள்ளிருப்பது கசியலாம், விலகாது. வெளியே கொலாஜன் என்ற புரதத்தின் நார்களால் ஆன வளையம்: ஒரு அடுக்கில் நார் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கில் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். உள்ளே கொழகொழவென்று ஒரு கூழ். இளவயதில் இந்தக் கூழில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

இனி நான் கொஞ்சம் நிதானமாகப் போகப்போகிறேன். இந்தக் கூழ் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் விதம் அவ்வளவு அழகு.

ராத்திரி கொண்டைக்கடலையை ஊறப்போடுகிறோம். காலையில் பார்த்தால் தோல் விறைத்து, கடலை இரண்டு மடங்காகி நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர் சொல்லி, முட்டை, உருளைக்கிழங்கு என்று படம் போட்டுக் காட்டினார்கள். டிஸ்க்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் தண்ணீரை உள்ளே விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு எதுவும் அங்கே கிடையாது. அப்படியானால் எப்படி?

கூழுக்குள் அக்ரிகன் என்றொரு பெரிய மூலக்கூறு இருக்கிறது. பால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் ஒரு தண்டு, சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட மயிர்கள். ஒவ்வொரு மயிரிலும் வரிசையாக எதிர்மின்னேற்றம். எதிர்மின்னேற்றம் இருந்தால் சோடியம் மாதிரியான நேர்மின் அயனிகள் வந்து மொய்க்கும். அந்த பிரஷ் கொலாஜன் வலைக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது, நகர முடியாது. பிரஷ் நகராததால் அதைச் சுற்றி நிற்கும் சோடியமும் மொத்தமாக வெளியேற முடியாது. ஆக, டிஸ்க்கின் உள்ளே எப்போதும் வெளியே இருப்பதைவிட உப்பு கூடுதல். உப்பு கூடிய இடத்துக்குத் தண்ணீர் தானாக வரும். சவ்வு செய்ய வேண்டிய வேலையை, சிக்கிக்கொண்ட ஒரு மூலக்கூறே செய்துவிடுகிறது. மோட்டார் இல்லை, வால்வு இல்லை, ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் போவதில்லை. வெளி ஓரத்தோடு சரி.

பகலில் நிற்கிறோம், உட்காருகிறோம், சுமக்கிறோம். அந்தப் பாரம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்து வெளியேற்றுகிறது. தண்ணீர் போகப் போக பிரஷ்கள் நெருங்குகின்றன, மின்னேற்றம் அடர்த்தியாகிறது, உறிஞ்சும் வலு கூடுகிறது. ஒரு கட்டத்தில் பாரமும் உறிஞ்சலும் சமமாகி நின்றுவிடும். அதனால்தான் பிழியப்படுவது தொடக்கத்தில் விறுவிறுவென்றும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. படுத்துவிட்டால் பாரம் போயிற்று, உறிஞ்சல் ஜெயிக்கிறது, தண்ணீர் திரும்பி வருகிறது. கடலை ஊறுகிறது.

நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டிலேயே பார்க்கலாம். படுக்கையிலிருந்து எழுந்த உடனே கதவு நிலையில் ஒட்டி நின்று, தலைமேல் ஒரு நோட்டை மட்டமாக வைத்து, வேறொருவரைப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கப்போகும் முன் இன்னொரு கோடு. எங்கள் வீட்டு நிலையில் இரண்டு கோட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நிற்கிறது. 1984இல் வெளியான ஓர் ஆய்வில் இளைஞர்களை அளந்து பார்த்தபோது, ஒரு நாளில் சராசரியாக 19 மில்லிமீட்டர் குறைந்தார்கள். உயரத்தில் சுமார் 1.1 சதவீதம். அதில் பாதிக்கு மேல், 54 சதவீதம், எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விட்டது! காவலர் தேர்வுக்கு 170 செ.மீ. கேட்கிறார்கள், 169இல் நிற்கும் பையனுக்கு, காலையில் அளக்கிறார்களா மாலையில் அளக்கிறார்களா என்பது வாழ்க்கைப் பிரச்சினை. விண்வெளியில் பாரமே இல்லாததால் வீரர்கள் 3 சதவீதம் வரைகூட உயர்ந்துவிடுகிறார்கள். அங்கே பலருக்கு முதுகு வலியும் வருகிறது.

டிஸ்க்குக்குள் அழுத்தம் எவ்வளவு என்று நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். சுவீடனில் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களிலேயே ஊசி செலுத்தி அளக்கத் தொடங்கினார். 1999இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் வில்கே குழுவினர் 45 வயது, 70 கிலோ எடையுள்ள ஒருவரின் இடுப்பு டிஸ்க்கில், அதாவது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே, ஸ்கேன் ரிப்போர்ட்டில் அடிக்கடி அடிபடும் எல்4-எல்5இல், ஓர் அழுத்தமானியைப் பொருத்தி, ஒரு நாள் முழுக்க அவரை நிற்க, உட்கார, தூக்க, தூங்க விட்டார்கள். எண்களை மெகா பாஸ்கலில் சொன்னால் மனசில் நிற்காது. கார் டயருக்கு 33, 35 என்று சொல்லிக் காற்றடிக்கிறோமே, அந்தக் கணக்கில் சொல்கிறேன். படுக்கும்போது சுமார் 15. சும்மா நிற்கும்போது 72. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கும்போது 330க்கு மேல். அதே 20 கிலோவை முழங்காலை மடக்கித் தூக்கினால் 250 அளவில். உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டால் 160. குடத்தை இடுப்பில் இடுக்கும் நம் பெண்கள் இந்தக் கடைசிக் கணக்கைத்தான் கடைப்பிடிக்கிறார்கள், ஒரே பக்கமாகச் சாய்வதை மட்டும் விட்டுவிட்டால்.

எனக்குப் பிடித்த எண் வேறு. அந்த மனிதர் ராத்திரி படுத்தபோது 15ஆக இருந்தது, விடியும்போது 35 ஆகிவிட்டது. ஏழு மணி நேரம் சும்மா தூங்கியிருக்கிறார். பிரஷ்களும் சோடியமும் சேர்ந்து, அந்த ராத்திரியில், ஒரு கார் டயரை நிரப்பிவிட்டன.

வாசகியின் இடுப்புக்கு வருவோம். இறுக்கி அடைத்துத் தைத்த நெல் மூட்டையைத் தோளில் போட்டால் அது வளையாது, கட்டையாகவே நிற்கும். கொஞ்சம் நெல்லைக் கொட்டிவிட்டால் தோளுக்கேற்பத் துவளும். விடிகாலை டிஸ்க் இறுக்கி அடைத்த மூட்டை. 1987இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே அளவு முன்னால் குனிந்தால் காலையில் டிஸ்க்கின்மேல் விழும் வளைப்புச் சுமை மாலையைவிட 300 சதவீதம் கூடுதல் என்று கணக்கிட்டார்கள். பின்பக்கத்தில் எலும்போடு எலும்பைக் கட்டும் நார்களுக்கும் கூடுதல் இழுவை. இத்தனைக்கும் கையில் இருப்பது குடம்கூட இல்லை, ஒரு பிடி கோலப்பொடி! முன்னால் குனிந்தால் கூழ் பின்பக்கம் தள்ளப்படும். நரம்புகள் இருப்பதும் அந்தப் பக்கம்தான். 1998இல், நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களைக் காலையில் எழுந்ததும் குனியாமல் இருக்கப் பழக்கிப் பார்த்தார்கள். வேறு பெரிய வைத்தியம் இல்லை. வலி குறைந்தது.

இங்கே ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாற்காலி, மேசை, பெட்டி தூக்குவது என்று இவ்வளவு அளந்தவர்கள் ஐரோப்பியர்கள். நாற்று நடுகிறவரின் முதுகும் பீடி சுற்றுகிறவரின் முதுகும் நம் ஊர் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு ஓரமாவது கேட்கத் தகுதி இல்லாதவையா? உலகில் 2020இல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. உயிரைக் குடிக்காத வியாதிக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

பணம் போவது ஸ்கேனுக்கு. வலி என்றதும் எம்.ஆர்.ஐ., ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்", அதாவது புடைப்பு, உடனே வீட்டில் இழவு விழுந்த முகம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் பார்த்தார்கள்: 20 வயதில் 30 சதவீதம் பேருக்குப் புடைப்பு, 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு. தலை நரைப்பது மாதிரிதான். ஆனால் காலில் மரத்துப்போய் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அது வேறு விஷயம்.

கடலையை உதாரணம் சொன்னேன் என்று என் சித்திக்குத் தெரிந்தால் சிரிப்பார். கொண்டைக்கடலை தின்றால் வாய்வு பிடித்து இடுப்பு போகும் என்பது அவர் கட்சி. பிடித்துக்கொண்டால், பிரசவத்தில் தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவரைக் கூட்டிவந்து இடுப்பில் மிதிக்கச் சொல்வார். எங்கள் தெருவில் அப்படிப் பிறந்த ஒருவருக்கு இதனாலேயே நல்ல மரியாதை. திடீர்ப் பிடிப்பு பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தானே சரியாகிவிடும். அதற்குள் யார் மிதித்தாலும் பேர் அவருக்கு.

ஜிம்மில் வயிறு, முதுகுத் தசைகளைக் கோர், கோர் என்கிறார்களே, அது புருடா அல்ல. தசைகளை நீக்கிவிட்டு இடுப்புப் பகுதி முள்ளெலும்புத் தொடரை மட்டும் நிறுத்தி மேலே பாரம் வைத்தால், சுமார் 9 கிலோவிலேயே மடங்கிவிடுகிறது. பாய்மரத்தைக் கயிறுகள் நிறுத்துவது மாதிரி வயிறும் முதுகும் சேர்ந்துதான் அதை நிறுத்துகின்றன. 1996இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் கண்டது: நாம் கையை உயர்த்தும்போது, தோள் தசை அசையும் முன்பே அடிவயிற்றின் ஆழத்திலுள்ள ஒரு தசை இறுகிவிடுகிறது. இடுப்பு வலிக்காரர்களுக்கு அது தாமதமாகிறது. அதற்காக அந்த ஒரு தசைக்கென்று தனி வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நடை, நீச்சல், தோட்ட வேலை எதுவானாலும் விடாமல் செய்தால் பலன் ஏறக்குறைய அதேதான். நிமிர்ந்து உட்காரச் சொல்லி முதுகில் தட்டிய என் டிரில் மாஸ்டருக்கும் ஒரு செய்தி: ஊல்ம் மனிதர் நாற்காலியில் பின்னால் சரிந்து சாவகாசமாக உட்கார்ந்தபோது அழுத்தம் 43தான், சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தபோது 67. தாத்தாவின் சாய்வு நாற்காலி ஜெயித்துவிட்டது. எப்படி உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்தால் போதும்.

நம் வீட்டு முதுகுகளைக் கெடுப்பதில் முதல் இடம் விளக்குமாற்றுக்கு. ஒன்றரை முழம்கூட இருக்காது. அதில் ஒரு மூங்கில் குச்சியைச் சேர்த்துக் கட்ட எந்த வீட்டு ஆணுக்கும் இதுவரை தோன்றவில்லை. பெருக்குகிறவர் அவர் இல்லையே.

வாசகியிடம் சொன்னேன்: கோலத்தை விட வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். எழுந்து நடமாடி, பால் காய்ச்சி, காபி குடித்து, சமையலில் பாதியை நின்றபடியே முடியுங்கள். ஒரு மணி நேரத்தில் டிஸ்க்கிலிருந்து வேண்டியது வடிந்திருக்கும். பிறகு வாசலுக்குப் போய், இடுப்பை வளைக்காமல் தொடை மூட்டில் மடங்கிப் புள்ளி வையுங்கள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"வாசல்ல கோலம் இல்லாம அடுப்பு பத்த வைக்கக் கூடாது சார் எங்க வீட்டுல. நீங்க இதை எழுதிடுங்க. எங்க அத்தை அச்சுல வந்தா நம்புவாங்க."