ஒரே திருமணம், இரண்டு கடிதங்கள்

விவாகரத்தாகிப் பல வருடம் கழித்து இருவர் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "ஏதோ கோபத்தில் சொன்னேன், மறுநாளே மன்னிப்பும் கேட்டேனே" என்கிறது ஒரு கடிதம். "வருஷக்கணக்காகப் பொறுத்துப் பொறுத்து அன்றைக்குத்தான் விட்டுப்போச்சு" என்கிறது மற்றது. யாரோ புளுகுகிறார் என்று தோன்றும். குடும்ப நல நீதிமன்ற மனுக்களைப் படித்துப் பழகியவர்களுக்குச் சந்தேகம் இன்னும் பலமாக இருக்கும். ஆனால், பொய்யே கலக்காமலும் இப்படி நடக்கும்.

அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் சகாக்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொருவரையும் இரண்டு உண்மைச் சம்பவங்கள் எழுதச் சொன்னார்கள்: தன்னை ஒருவர் கோபப்படுத்தியது, தான் ஒருவரைக் கோபப்படுத்தியது. காயப்பட்டவராக எழுதும்போது கதை நீண்டது, வலி தீரவில்லை, எதிராளி ஏன் அப்படிச் செய்தார் என்பதும் புரியவில்லை. காயப்படுத்தியவராக எழுதும்போதோ அது ஒருநாள் சங்கதி. அதற்குக் காரணம் இருந்தது, முடிந்தும் போனது. இரண்டையும் எழுதியது அதே ஆட்கள். நம் குணத்தைவிட, எந்தப் பக்கம் நின்றோம் என்பதே கதையை வளைக்கிறது.

இன்னொன்று, கணக்கு. கனடாவில் மைக்கேல் ராஸும் பியோரே சிகோலியும் தம்பதிகளிடம் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கைக் கேட்டார்கள் (1979). இருவர் சொன்னதையும் கூட்டினால் 100 சதவீதத்தைத் தாண்டியது. வேடிக்கை என்னவென்றால், சண்டையைக் கிளப்புவதிலும் தன் பங்கைக் கூட்டியே சொல்லும் போக்கு இருந்தது. எனவே இதை வெறும் தற்பெருமை என்று தள்ளிவிட முடியாது. நாம் செய்தது சட்டென்று நினைவுக்கு வரும். துணை செய்ததில் பாதியை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

சரி, எழுதினால் மனம் ஆறுமா? ஆளைப் பொறுத்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பாரா, அண்மையில் பிரிந்த 90 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. "ஏன் இப்படி ஆச்சு" என்று ஓயாமல் குடைந்துகொண்டிருந்தவர்கள், உணர்ச்சியைக் கொட்டி எழுதியபோது மாதங்கள் கழித்தும் தேறவில்லை. அதே வகையினர், அன்றாடம் என்ன செய்தோம் என்று சப்பென்று எழுதியபோது நன்றாகவே தேறினார்கள்.

2017-இல் வந்த தொடர் ஆய்வில், பிரிவைத் தொடக்கம், நடு, முடிவு உள்ள கதையாக எழுதியவர்களுக்கு ஏழெட்டு மாதம் கழித்து இதயத்துடிப்பு வேகம் குறைந்திருந்தது. இவை எதுவும் முன்னாள் துணைக்கு அனுப்பிய எழுத்து இல்லை. தபாலில் சேர்க்கப்போகிறோம் என்று தெரிந்தால், எழுதும் கை வக்கீலாகிவிடும் என்பது என் சந்தேகம்.