நைலானிலிருந்து கார்பனுக்கு: ட்ரோன் ஃபிரேம் மாற்றுவோர் கவனத்துக்கு

பொறியியல் மாணவர்கள் பழுதுபார்க்கக் கொண்டுவரும் எஃப்450 வகை (நான்கு மோட்டார் ஃபிரேம்) ட்ரோன்களில் பல, மோட்டாரைத் தாங்கும் நைலான் ஆர்ம் (கை) முறிந்த நிலையில்தான் வருகின்றன. மோட்டார், ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சாதனம்), ஃபிளைட் கண்ட்ரோலர் (பறப்பைக் கட்டுப்படுத்தும் போர்டு) எல்லாவற்றையும் கழற்றி, உறுதியான கார்பன் ஃபைபர் ஃபிரேமில் பூட்டித் தர முடியுமா என்று கேட்கிறார்கள். தாராளமாக முடியும். ஆனால், ஆர்ம் எந்த இடத்தில் முறிந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நடுத்தட்டுடன் சேரும் அடிப்பகுதியில் முறிந்திருந்தால் பெரும்பாலும் வேகமாகத் தரையிறங்கியதே காரணம். மோட்டார் அமரும் இடத்தைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தாலோ, சமநிலை தவறிய ப்ரொப்பெல்லரையோ வளைந்த மோட்டார் தண்டையோ சந்தேகிக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் மாற்றினால், அதே அதிர்வு புதிய ஃபிரேமுக்கும் குடிபெயரும்.

அடுத்தது மின்சாரம்; நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். எஃப்450 ஃபிரேமின் கீழ்த்தட்டே ஒரு சர்க்யூட் போர்டு என்பதால், பேட்டரி ஒயரும் நான்கு ஈ.எஸ்.சி.களின் ஒயர்களும் அதன் மீதே சால்டர் செய்யப்பட்டிருக்கும். பல கார்பன் ஃபிரேம்களில் அந்த வசதி இல்லாததால் தனி பவர் போர்டு பொருத்த வேண்டியிருக்கிறது. நைலான் மின்சாரத்தைக் கடத்தாது; கார்பன் ஃபைபர் கடத்தும். சால்டர் முனை ஒன்று தட்டைத் தொட்டாலும், வெட்டுவிளிம்பு உராய்ந்து ஒயரின் உறை கிழிந்தாலும் ஷார்ட் ஆகிவிடும். ஆகவே போர்டை நைலான் ஸ்பேசர்களின் மீது உயர்த்திப் பொருத்துங்கள். ஒயர் செல்லும் விளிம்புகளை நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து, உப்புத்தாளால் மழுக்குங்கள். பேட்டரியை இணைக்கும் முன், பிளஸ், மைனஸ் ஒயர்களுக்கும் ஃபிரேமுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கார்பனின் மேற்பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால், மீட்டர் முனையை வெட்டுவிளிம்பில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

மோட்டார் திருகுகளின் நீளமும் முக்கியம். புதிய ஆர்மின் தடிமன் குறைவாக இருந்தால், பழைய திருகு கூடுதலாக உள்ளே நுழைந்து மோட்டாரின் செம்புச் சுருளைக் குத்தும். கையால் சுற்றும்போது மோட்டார் இலகுவாகவே சுழலும். பழுது பறக்கும்போதுதான் வெளிப்படும்.

கார்பன் ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை மறைக்கும் என்பதால் ரிசீவர் ஆன்டெனாவின் முனைகள் ஃபிரேமுக்கு வெளியே இருக்கட்டும். திசைகாட்டி அடங்கிய ஜி.பி.எஸ். மாட்யூலை, பேட்டரி ஒயர்களிலிருந்து விலக்கி, கம்பத்தின் மேல் நிறுத்துங்கள்.

பழைய ஃபிரேமுக்காக ஃபிளைட் கண்ட்ரோலரில் அமைத்த ட்யூனிங் மதிப்புகளை நம்பி உயரே அனுப்பாதீர்கள். விறைப்பும் எடையும் மாறிவிட்டதால், முடுக்கமானி, திசைகாட்டி இரண்டையும் புதிதாக அளவீடு செய்து, ப்ரொப்பெல்லர் இல்லாமல் மோட்டார்களின் சுழல்திசையைச் சரிபார்த்து, பிறகே தாழ்வான உயரத்தில் நிறுத்திப் பறக்கவிட்டு லாக்கை (பறப்புப் பதிவை) படிக்க வேண்டும். ஆர்டுபைலட் என்ற ஃபிளைட் கண்ட்ரோலர் மென்பொருளில் அதிர்வு மதிப்பு (மீ/வி²) 30-க்குள் இருந்தால் ட்யூனிங்கைத் தொடரலாம். 60-ஐத் தாண்டினால் உயரத்தைப் பிடித்து நிற்பதே சிக்கலாகும்.

மொத்த எடையையும் தராசில் பார்த்துவிடுங்கள். இந்தியாவின் ட்ரோன் விதிகள், 2021-இன்படி, சுமையையும் சேர்த்து 2 கிலோவைத் தாண்டினால் அது மைக்ரோ வகையிலிருந்து ஸ்மால் வகைக்கு மாறிவிடும். அதை இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவை. பெரிய ஃபிரேம், உயரமான கால்கள், கேமரா என்று சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் இந்த எல்லையை எளிதில் கடந்துவிடுகிறார்கள்.