தொமெஸ்தீக்: எடுபிடியா, துணையோட்டியா?

டொமெஸ்டிக் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது உள்நாட்டு விமான முனையம், அப்புறம் சமையலறை சிலிண்டர். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்க்க உட்கார்ந்தால், வர்ணனையாளர் கிட்டத்தட்ட இதே ஒலியில் ஒரு சொல்லை அடிக்கடி சொல்வார். அவர் சொல்வது ஓர் ஆளை: தான் ஜெயிப்பதற்காக அல்லாமல் தன் அணித்தலைவருக்காக ஓட்டும் வீரரை. பிரெஞ்சுச் சொல், உச்சரிப்பு தொமெஸ்தீக்.

லத்தீனில் தோமுஸ் என்றால் வீடு, வீட்டைச் சேர்ந்தது தொமெஸ்திகுஸ். விமானமும் சிலிண்டரும் இந்த வேரிலிருந்து வந்தவைதான். பிரெஞ்சில் அது பெயர்ச்சொல்லாகும்போது வீட்டு வேலைக்காரரைக் குறிக்கும். அந்தச் சொல் சைக்கிளில் ஏறியது ஒரு வசையாக, 1911ஆம் ஆண்டுப் பந்தயத்தில் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு.

பந்தயத்தை நடத்தியவர் ஆன்ரி தெக்ரான்ஜ், லோட்டோ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர். ஒவ்வொருவரும் தன் காலை மட்டுமே நம்பி ஓட்ட வேண்டும், அடுத்தவர் உதவி கூடவே கூடாது என்பது அவர் பிடிவாதம். 1913இல் எழேன் கிரிஸ்தோஃப் என்ற வீரரின் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கவை பிரனே மலையில் முறிந்தது. அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரக் கொல்லன் பட்டறைக்கு நடந்து, தானே சம்மட்டி பிடித்து அதை ஒட்டவைத்தார். துருத்தியை மட்டும் ஒரு பையன் ஊதினான். அது வெளியுதவி என்று அபராத நேரம் போட்டார்கள். இப்படிப்பட்ட பந்தயத்தில் ஒருவர் காசுக்கு இன்னொருவரை இழுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்?

1911இல் மொரீஸ் ப்ரோக்கோ செய்தது அதைத்தான். ஒரு மோசமான நாளில் நேரத்தை இழந்ததும், தனக்கு இனி வெற்றி இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சரி, உழைப்பையாவது விற்போம் என்று, 1909 வெற்றியாளர் பிரான்சுவா ஃபாபேருக்கு வேகம் பிடித்துக் கொடுத்தார். தெக்ரான்ஜுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் வெளியேற்றக் கையில் ஆதாரம் இல்லை. எனவே பேனாவை எடுத்தார். இவன் வெறும் தொமெஸ்தீக் என்று எழுதினார்.

ப்ரோக்கோ பதிலைச் சாலையில் சொன்னார். லுஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர், நடுவே தூர்மலே, ஓபிஸ்க் மலைகள். பல நாள் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டமான அந்தக் கட்டத்தை அவர் தனியாகப் போய் வென்றார். தெக்ரான்ஜ் அசரவில்லை. இவ்வளவு தெம்பு உள்ளவன் முன்பு காசுக்காகத்தான் மெதுவாக ஓட்டியிருக்கிறான், இதுவே ஆதாரம் என்று ஆளைப் பந்தயத்திலிருந்தே நீக்கிவிட்டார். தோற்றால் வேலைக்காரன், ஜெயித்தால் குற்றவாளி! அந்த ஆண்டு பட்டம் குஸ்தாவ் கர்ரிகூவுக்குப் போனது.

தெக்ரான்ஜால் ஒருவரை நீக்க முடிந்தது, காற்றை நீக்க முடியவில்லை. வேகம் கூடக்கூட சைக்கிள்காரரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகும். முன்சக்கரத்தை முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு ஒட்டினாற்போல் வைத்து ஓட்டினால் அந்த உழைப்பு வெகுவாகக் குறையும். அதனால் அணித்தலைவருக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆளே அணி வண்டிக்குப் பின்வாங்கி, சட்டைக்குள் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு மறுபடி முன்னேறி வந்து எல்லாருக்கும் கொடுப்பார். தலைவரின் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார்.

கழற்றிக் கொடுத்தவர்களில் எல்லாருக்கும் தெரிந்தவர் ரெனே வியெத்தோ. 1934, வயது 20. பிரனே மலை இறக்கத்தில் பிரெஞ்சு அணித்தலைவர் அந்தோனன் மாஞின் சக்கரம் உடைந்தது. வியெத்தோ தன் முன்சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுதார். அந்தப் புகைப்படம் பிரான்ஸையே உருக்கியது. மறுநாள் மாஞுக்கு மறுபடி சிக்கல். முன்னால் போய்விட்டிருந்த வியெத்தோ திரும்பி வந்து, இம்முறை சைக்கிளையே கொடுத்தார். மாஞ் இறுதியில் 27 நிமிடத்துக்கு மேல் முன்னணியில் வென்றார். அந்தத் தியாகம் இல்லாமலும் வென்றிருப்பாரோ என்று கணக்குப் பார்க்கத் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் அழுகிற பையனுக்கு முன்னால் எடுபடாது.

தொமெஸ்தீக் என்ற வசை மெல்ல மெல்ல தொழிலின் பெயரானது. மற்ற மொழிகள் தங்கள் வழியில் போயின. இத்தாலியரின் சொல் கிரெகாரியோ. அதன் வேர் லத்தீனில் மந்தையைக் குறிக்கும் கிரெக்ஸ். ரோமப் படையின் சாதாரணச் சிப்பாய்க்கும் அந்தப் பெயர் உண்டு. டச்சுக்காரர்கள் வேலையாள் என்ற பொருளிலேயே க்னெக்ட் என்கிறார்கள். ஜெர்மானியர்களிடம் தண்ணீர் சுமப்பவர் என்று பொருள்படும் வாசர்ட்ரேகர் இருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? எந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் 'உள்நாட்டு வீரர்' என்று வந்து நிற்கும் ஆபத்து உண்டு. தெக்ரான்ஜ் சொன்ன பொருளுக்கு நம்மிடம் கச்சிதமான சொல் இருக்கிறது: எடுபிடி. 1911 கதையை எழுதினால் அதையே போடுவேன், அந்த இளக்காரம் அப்படியே வந்துவிடும். இன்றைய வீரருக்கு அது பொருந்தாது. பணியாளர், ஊழியர் என்றால் அலுவலக வாடை. கையாள் என்றால் சூழ்ச்சி வாடை. வழித்துணை அழகான சொல்தான், பயணத்தில் கூட வருபவர் என்ற பொருளும் நெருங்கி வருகிறது. ஆனால் அவரும் சைக்கிள் மிதிக்கிறார் என்பது அதில் இல்லை.

நான் துணையோட்டி என்பேன். துணை ஆணையர், துணை முதல்வர் போல இதுவும் பதவிப் படிநிலையாகத் தொனிக்காதா என்று கேட்கலாம். 'துணைக்கு வா' என்கிறோமே, அந்தத் துணை இது. 'துணையோட்டிகள் காற்றை வாங்க, தலைவர் பின்னால் பதுங்கி வருகிறார்' என்று வர்ணனையில் சொல்லிப் பார்த்தால் இடறவில்லை.

இன்னொரு வகையும் உண்டு. தலைவருக்கு நிகராக மலையேறக்கூடிய மூத்த துணையோட்டியை ஆங்கில வர்ணனையாளர்கள் லெப்டினன்ட் என்பார்கள். 2012இல் பிராட்லி விக்கின்ஸுக்கு கிறிஸ் ஃப்ரூம் அப்படித்தான் இருந்தார். லா தூசுவீர் மலையேற்றத்தில் ஃப்ரூம் வேகமெடுத்துத் தலைவரைப் பிரிந்தார். அணியிடமிருந்து உத்தரவு வந்ததும் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். இதற்கு நாம் சொல் தேடி அலைய வேண்டியதில்லை: தளபதி. 2013 பட்டம் ஃப்ரூமுக்கு. தளபதி தலைவராவது தமிழ் வாசகருக்குப் புதிதா என்ன!